எந்தச் சங்கடம்?

எங்கள் வார்டு இன்-சார்ஜ் ஜோசஃபின் சிஸ்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, யூனிஃபார்ம் மாற்றியதும் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரைக்கும் நின்று நின்று பேசுவார். "பேச்சுக் கொடுக்காம பேஷண்ட்டைப் பாத்தேன்னு எங்கிட்ட சொல்லாதடி" என்று எங்களையும் விரட்டுவார்.

அதற்குத்தான் நிர்வாகம் வேட்டு வைத்தது. தரச் சான்றிதழ் ஆய்வு வருகிறதாம். நோயாளியைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று சொல்லித்தர, வேலை நேரத்தில் எங்களைக் கீழே ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். கர்மம், சிரிக்கக்கூடப் பாடம்!

"வார்டுல ஒருத்தி பத்தாது சார். இன்னும் ரெண்டு பேரை விடுங்க" என்று நிர்வாக அதிகாரி கணேசமூர்த்தியிடம் ஜோசஃபின் கேட்டுப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம்தானே சிஸ்டர், அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் சமாளித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அவர்.

தனியாக நின்றவள் லாவண்யா. திருப்பத்தூரிலிருந்து இந்தக் கன்னட ஊருக்குப் புதிதாக வந்தவள். கன்னடம் பாதி புரியும், மீதியைத் தமிழை வைத்து ஊகித்துக்கொள்வாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஆனேக்கல் ருக்மிணியம்மா அவளிடம், "சங்கட ஆக்தைதெ, சிஸ்டர்" என்றிருக்கிறார். எதிர்க் கட்டிலைப் பார்க்க ஆண்கள் கும்பலாக வந்திருந்த நேரம். அம்மாவுக்குக் கூச்சம்போல என்று நினைத்து, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடிவிட்டு அடுத்த மணிச்சத்தத்துக்கு ஓடிவிட்டாள் பாவம்.

பல்லைக் காட்டிப் பழகிவிட்டு நாங்கள் திரும்பினோம்.

"அந்த ஸ்க்ரீன் ஏன் மூடியிருக்கு?" என்றார் ஜோசஃபின்.

"அவங்களுக்கு சங்கடமா இருக்காம் சிஸ்டர், அதான்" என்றாள் லாவண்யா.

ஜோசஃபின் ஓடினார். கன்னடத்தில் சங்கட என்றால் கூச்சமில்லை. உள்ளே என்னவோ செய்கிறது, தாங்க முடியவில்லை என்று அர்த்தம். ருக்மிணியம்மா வேர்த்து நனைந்து நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார். மாரடைப்பு. டாக்டர் ஓடிவந்தார், ஐசியூவுக்குத் தூக்கிப்போனோம், அம்மா எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் லாவண்யாவை வேலையைவிட்டு அனுப்பப்போவதாகக் கணேசமூர்த்தி சொன்னார். மொழி தெரியாததுதான் காரணமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜோசஃபினின் குரல் தாழ்ந்தது. "அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, நிஜம்தான். என்னன்னு கேக்கப் பக்கத்துல ஒரு ஆள் இல்லையே சார். எங்களை ஹாலுக்குக் கூப்பிட்டது யாரு? அவளை அனுப்புனா, ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட நானே இதைச் சொல்வேன்."

லாவண்யாவின் வேலை தப்பியது. ஆய்வு முடியும்வரை பொறுத்திருந்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஜோசஃபினின் இன்-சார்ஜ் பொறுப்பைப் பிடுங்கி, வெளிநோயாளிகள் பிரிவில் பிரஷர் பார்க்க உட்காரவைத்தார்கள். வார்டுக்கு ஆள் மட்டும் கூட்டவில்லை. லாவண்யா இன்றும் தனியாகத்தான் ஓடுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

உத்தரவைக் கொடுத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். கணேசமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கே சங்கடமாத்தான் இருக்கு, சிஸ்டர்" என்றார்.

"எந்தச் சங்கடம் சார்?" என்று கேட்டார் ஜோசஃபின். "கன்னடச் சங்கடம்னா உக்காருங்க, பிரஷர் பாக்கறேன். தமிழ்ச் சங்கடம்னா ஸ்க்ரீனை இழுத்து மூடிக்கங்க."