ஐவா மேஸ்திரியின் அரபி

துண்டுக் கயிற்றை ஆட்டிக் காட்டி, "ஷு ஹாதா?" என்று கட்டடத்துக் காவல்காரரிடம் கேட்டார் ஐவா மேஸ்திரி. இது என்ன என்று அர்த்தம். "ஹபல்" என்றார் அரபிக் கிழவர். "ஹபல், ஹபல்" என்று வாய்க்குள் மென்றுகொண்டே மேஸ்திரி சாரத்தில் ஏறினார். நேற்றைக்கு 'ஹிஸாம்', இடுப்பு வார். அதற்கு முன்னால் 'கதீம்', பழசு.

சுவர் பூசுகிற மேஸ்திரி அவர். ஐவா என்பது பெற்றவர்கள் வைத்த பேரில்லை. அரபியில் ஐவா என்றால் ஆமாம். மேலே இருக்கிறவன் எது கேட்டாலும் இவர் ஐவாதான். வேலை முடிந்ததா? ஐவா. முடியவில்லையா? அதற்கும் ஐவா. ஆமாம் என்றால் திட்டு சீக்கிரம் முடியும். சாரத்தில் நிற்கிற பாதிப்பேருக்கு இதுதான் அரபி. மிச்சம் யல்லா, சுரா, கலாஸ்: கிளம்பு, சீக்கிரம், முடிந்தது.

"மாட்டை ஓட்டற வார்த்தையா பாத்து நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கானுங்க" என்பார்.

போன வருஷம் அவர் சம்சாரத்தின் தம்பி இதே சாரத்திலிருந்து விழுந்து செத்தான். கயிறு நைந்துபோனது. இடுப்பு வார் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி அரபியில் நீளநீளமாக ஏதோ கேட்டார். இவர் அழுதுகொண்டே ஐவா, ஐவா என்று தலையாட்டினார். வார் கொடுத்தும் அவன்தான் போட மாட்டேன் என்றானா என்பதுதான் கேள்வி. அது தெரிவதற்குள் பிணத்தை ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

"என் தம்பி திமிர்ல செத்தான்னு எழுத வச்சது நீங்கதானே" என்றாள் சம்சாரம் போனில். அதற்கப்புறம் இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டார். இந்தப் பாடமெல்லாம் அதற்குத்தான்.

"அண்ணே, தூக்கத்துலகூட ஹபல் ஹபல்னு உளர்றீங்க. நான் தூக்குப் போட்டுக்கப் போறேன்" என்பான் அறையில் மேல்கட்டிலில் படுக்கிறவன்.

"போட்டுக்கடா. பேரு தெரிஞ்ச கயித்துல போட்டுக்க."

விசாரணைக்கு அதே அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன். "நீ சும்மா இரு தம்பி. கெடுத்தது என் வாய். அதுவே சொல்லட்டும்" என்று இவரே எழுந்து நின்றார். கயிறு பழசு. வார் இல்லை. யாரும் கொடுக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை. அத்தனையும் அரபியில். ஓர் இடத்திலும் நாக்கு இடறவில்லை.

அதிகாரி முகம் மலர்ந்து கேட்டார். பிறகு மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ சொன்னார்.

"என்னப்பா சொல்றாரு?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்க அரபி ரொம்ப நல்லா இருக்காம். இவ்வளவு தெரிஞ்சவரு அன்னைக்குப் புரியலன்னா நம்ப முடியாதாம். முன்ன சொன்னதுதான் நிக்குமாம்."

"இதெல்லாம் அதுக்கப்புறம் கத்துக்கிட்டதுன்னு சொல்லுப்பா."

அவன் சொன்னான். அதிகாரி கோப்பை மூடிவிட்டு நேராக இவரைப் பார்த்து, புரிந்ததா என்று அரபியில் கேட்டார். நல்லாவே புரிந்தது. அவர் ஓர் ஐவாவுக்குக் காத்திருக்க, மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்து, உதட்டில் சிமெண்டு அப்பிக்கொண்டதுபோல, வாயை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.