கங்காணியும் கரி நெருப்பும்

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராகச் சேர்ந்தபோது, அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர் இருந்தார். கறுப்புக் கோட்டு, வெறுங்கால், துரைக்கு முன்னால் மட்டுமே கழற்றும் தலைப்பாகை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே கரி மூட்டி, மேலே காட்டுப்பன்றி இறைச்சியைக் கம்பியில் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்.

சூடு பார்ப்பது உள்ளங்கையால்தான். தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கரியோடு பேசுவார், மலையில் ஆட்களை விரட்டுகிற அதே குரலில். சூடு ஏறினால் ஓட்டையை மூடி, “என்னடா அவசரம்? நிதானமா செய்ங்கடா!” என்பார். தணிந்தால் திறந்துவிட்டு, “தூங்குறியா? அரைப் பேருதான் போடுவேன்!” என்பார். அரை நாள் சம்பளம்தான் என்று கரியை மிரட்டிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருடைய புது மருமகன் விருந்துக்கு வந்த அன்று, இறைச்சி பாதி வேகும்போது துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

“ஓட்டைய மூடிட்டு வாங்க கங்காணி,” என்றேன்.

“நீங்க புதுசுங்கய்யா. நம்ம தல மறஞ்சா ஒருத்தனும் வேல செய்ய மாட்டான்,” என்றவர், இன்னும் இரண்டு கை கரியைப் போட்டு, ஓட்டையை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு வந்தார்.

துரையிடமிருந்து வெளியே வந்ததும் அவர் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். நாங்கள் திரும்பியபோது தகரம் சிவந்து கிடந்தது. இறைச்சி எது, கரி எது என்று தெரியவில்லை. மருமகனுக்கு அன்று கருவாடுதான்.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ நெருப்புக்கு முன்னால் போய் நின்றார்.

“நான் இல்லாதப்ப இவ்வளவு வேல செஞ்ச ஆளுங்கள இன்னிக்குத்தாங்க பாக்குறேன்,” என்றார்.

தலைப்பாகை அவர் கையில் இருந்தது.