தன்னாமுனை லொறியின் விலை

அப்பாவும் சித்தப்பாவும் சொந்தமாக ஒரு லொறி வைத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. சண்டை ஓய்ந்து, மூடியிருந்த பாதைகள் திறந்து லொறிகளுக்கு வேலை கூடியிருந்த காலம். அதுவரை இருவரும் பிறருடைய லொறிகளைத்தான் ஓட்டினார்கள். அப்பா அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். சித்தப்பா மணலும் கல்லும் ஏற்றுவார். முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. வாங்குவதா, கட்டுவதா என்பதில்தான் மூன்று மாதம் போனது.

சித்தப்பா கட்டும் கட்சி. ஏறாவூரில் அவர் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரின் கராஜில் பழைய சேசிஸ் ஒன்று கிடந்தது. "பதிவுப் புத்தகம் சரியா இரிக்கு. இஞ்சின் ஒண்டு தேடி வைப்பம். லோட் ஏத்துற பொடியைப் பலகையில அடிப்பம். பாதிக் காசில முடியும்" என்பார். அப்பா வாங்கும் கட்சி. "கட்டுற லொறிக்குக் கடைசி விலை எண்டு ஒண்டு இல்ல. வாங்கினா நாளைக்கே லோட் ஏத்தலாம்" என்பார். சோறு தின்னும்போதும் இதே கதைதான். முன் டயரின் விலையும் பின் டயரின் விலையும் எனக்குப் பாடமாகிவிட்டன. எட்டாம் வாய்ப்பாடு ஆகவில்லை. "இந்த வீட்டில அரிசி விலை தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான்" என்று அம்மா சொல்வார்.

அந்த நேரத்தில்தான் தன்னாமுனையில் ஒரு லொறி விலைக்கு நிற்பதாகத் தகவல் வந்தது. ஓட்டியவர் நெஞ்சுவலியில் இறந்து நான்கு மாதமாம். மனைவி விற்கிறாராம். சொன்ன விலையைக் கேட்டதும் சித்தப்பா தன் சேசிஸை மறந்தார். ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரான தேற்றாத்தீவிலிருந்து பஸ் ஏறிப் போனோம். அழுது அடம்பிடித்து நானும் போனேன்.

நீல லொறி. கெபினுக்குள் கண்ணாடியில் செபமாலை தொங்கியது. ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த தட்டில் ஒரு சீப்பு அப்படியே இருந்தது. சித்தப்பா லொறிக்குக் கீழே போய்ப் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முதுகெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு. பிறகு மூவரும் ஏறி ஏறாவூர் வரை ஓட்டிப் பார்த்தோம். நான் நடுவில் இருந்தேன். சித்தப்பா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி மாதிரிப் போகுது, கேக்குதா மகள்?" என்றார். ஓட்டியது அப்பா. கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தலையைச் சற்றுச் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் எங்களுக்கு வெறுந்தேத்தண்ணி தந்தார். முற்பணம் சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அவர் கை அங்கே போவதற்குள் அப்பா கேட்டார்.

"இந்த விலைய ஆர் தங்கச்சி செல்லித் தந்த?"

"ஒரு புரோக்கர் வந்து பாத்தவர் அண்ணன். பழைய லொறி, இதுக்கு மேல போகா எண்டவர்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அவர் உங்களுக்குச் சரியாச் செல்லல்ல. உங்கட மனுசன் கிட்டடியிலதான் இஞ்சின் செய்திரிக்கார். டயர் ஆறும் நல்லம். இன்னும் ஐஞ்சு லட்சம் கூடப் போகும். அவசரப்பட்டுக் குடுத்திராதீங்க."

அந்தப் பெண் லொறியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப நீங்க எடுக்கல்லையா அண்ணன்?" என்று கேட்டார்.

"அந்த விலைக்கு எங்களுக்கு ஏலா, தங்கச்சி."

பஸ்ஸில் அப்பா முன் சீட்டிலும் சித்தப்பா கடைசி சீட்டிலும் இருந்தார்கள். எனக்கு அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது. அம்மா சந்தையில் ஒரு கிலோ மீனுக்கு இருபது ரூபாய் குறைக்க எவ்வளவு நேரம் கதைப்பார் என்று எனக்குத் தெரியும். இவரோ விற்பவருக்கே விலையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், அந்த லொறி பழுது, அதனால்தான் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. எங்கள் வாசலுக்கும் வரவில்லை. நான்காம் நாள் ஏறாவூருக்குப் போய் அந்தச் சேசிஸுக்கு முற்பணம் கொடுத்துவிட்டு வந்து, "வா அண்ணன், கட்டுவம்" என்றார்.

கட்டி முடிக்க ஒரு வருடம் ஆனது. அப்பா சொன்னதுபோலவே அதற்குக் கடைசி விலை இருக்கவில்லை. இஞ்சின் ஒரு ஊரிலிருந்து வந்தது, கியர்பெட்டி வேறொரு ஊரிலிருந்து. இடக் கதவு பச்சை, வலக் கதவு சிவப்பு. ஓட்டம் இல்லாத நாட்களில் இருவரும் காக்காவின் கராஜிலேயே கிடந்தார்கள். சித்தப்பா அங்கேயே வெல்டிங் பழகிக் கையெல்லாம் சுட்டுக்கொண்டார். அப்பா பொடிக்கு வாங்கிய ஒவ்வொரு பலகையையும் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்ப்பார். முதல் லோட் நெல்லோடு அது எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது, வயல் வட்டையில் வேலை செய்தவர்கள்கூட வரம்பில் ஏறி நின்று பார்த்தார்கள். அந்த லொறிதான் என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தது.

போன வருடம் சித்தப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. "அண்டைக்கு அப்பாவில சரியான கோபம் என்ன உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை.

"கோபமா? கீழ படுத்துப் பாக்கக்குள்ளயே அந்த லொறிட விலை எனக்குத் தெரியும், மகள். அண்ணன் வாயத் திறக்கப்படா எண்டு நினைச்சிக்கொண்டு நிண்ட ஆள் நான். மறுகா எந்த முகத்தோட அவரோட கதைக்கிற?"

ஒரு மனிதர் மூன்று நாள் பேசாமல் இருந்தால் அது கோபம் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன்.