கஞ்சி போடாத நைலான் புடவை

போன மாதம் வாலாஜாபாத்தில் என் நாத்தனார் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மெட்ராஸிலிருந்து தம்பி வாங்கி வந்த நைலான் புடவையை வெளுக்கப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் தெருவுக்கே முதல் நைலான்... மிதப்பு இருக்காதா?

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புடவை காலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்துவிட்டால் படபடவென்று சத்தம் — விட்டதும் மறுபடி ஒட்டல். தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சபை நடுவே நடக்கிறேன், கொசுவம் முழங்காலுக்கு நடுவே சுருண்டுகொள்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பட்ட அவமானத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டாமா? எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கும் முனியம்மா மறுநாள் காலையில் மூட்டையோடு வந்தாள். அவள்தான் கஞ்சியைக் கண்டபடி போட்டுப் புடவையைப் பசையாக்கிவிட்டாள் என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரியும் எதிர் வீட்டுக்காரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நைலானுக்குக் கஞ்சியே போடலம்மா. வெறும் தண்ணியில அலசி வெயில்ல போட்டேன், அவ்ளோதான்" என்றாள்.

நான் நம்பவில்லை. "நீ எடுத்துக் கட்டிக்கொண்டு எங்கே போய் வந்தாயோ" என்றும் ஒரு வார்த்தை விட்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. முனியம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் இரண்டு வீட்டுக்காரிகளும் அவளுக்குத் துணி போடவில்லை.

கஞ்சி போகட்டும் என்று புடவையை நானே மூன்று தண்ணீரில் அலசினேன். பங்குனி வெயிலில் மொறமொறவென்று காயவைத்துக் கட்டினேன். முன்பைவிட மோசமாக ஒட்டியது! இப்போது யாரைத் திட்டுவது?

அந்த நேரம் பார்த்து அழுக்குத் துணி எடுக்க வந்தாள் முனியம்மா. என் கோலத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரில் கையை நனைத்து உதறிவிட்டு, புடவையின் உள்பக்கமாக ஒரு தடவு தடவினாள். ஒட்டல் விட்டுப் புடவை தழைந்து விழுந்தது.

"ரொம்பக் காஞ்சா நைலான் இப்டித்தாம்மா ஒட்டிக்கும். லேசா ஈரம் காட்டுனா வுட்டுடும். இனிமே வெயில்ல போடாம நெயல்ல காயப் போடுங்க. பக்கத்து தெரு டாக்டர் வூட்டம்மாவும் இப்டித்தான் பேஜார் பட்டுக்கினு இருந்தாங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்! வேண்டாம் என்றுவிட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் போனேன். "நைலானே அப்படித்தானாம்" என்றேன், ஏதோ பேப்பரில் படித்தவள் மாதிரி. தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரி மறுபடி துணி போடுகிறாள். எதிர் வீட்டுக்காரி அதற்குள் வேறு ஆள் பார்த்துவிட்டாள். முனியம்மா என் புடவையைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னேனே, அதை இன்றுவரை யாரிடமும் மறுக்கவில்லை.

இவ்வளவையும் இந்தப் பத்திரிகைக்கு வெட்கமில்லாமல் எழுதிவிட்டேன் — முனியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்.