உப்புப் பார்க்காத கஞ்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருந்தது வெட்கம்தான்.

போன வெள்ளிக்கிழமை, முகப்பேரில் என் மகன் வீட்டில், எதிர் வீட்டுப் பெண் கொழுக்கட்டை கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் டப்பாவை என் மருமகள் கழுவித் துடைத்து வெறுமனே நீட்டினாள். "தேங்க்ஸ்ங்க" என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அந்த வெறும் டப்பா கண்ணிலேயே நின்றது.

எங்கள் நாளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஏனம் நம் வீட்டுக்கு வந்தால் அது வெறுமனே திரும்பாது, அவ்வளவுதான். ஒரு பிடி அரிசி, நாலு பச்சைமிளகாய், எதுவுமே இல்லாத நாளில் ஒரு பிடி உப்பு.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். பூந்தமல்லியில் எங்கள் குடித்தனம். என் வீட்டுக்காரர் நெல் மண்டியில் எடை போடுகிறவர். அடுத்த வீட்டில் ஜட்காக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற பாயும் அவர் மனைவி ஜைனம்பக்காவும். நடுவில் வேலி, வேலியை ஒட்டிப் பொதுக் கிணறு. குதிரை லத்தியும் காய்ச்சிய இரும்பும் கலந்து ஒரு வாடை வரும். கல்யாணமாகி வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தண்ணீர் சேந்துவேன். ரொம்பவும் மடி பார்க்கிறவள் என்று அப்போது என்னைப் பற்றி எனக்கே பெருமை. இப்போது அந்த வாடை எங்காவது வந்தால் நின்றுவிடுகிறேன்.

மூத்த மகளுக்கு ஒன்றரை வயது. ஜுரம், வயிற்றுப்போக்கு. "கஞ்சி தங்கினால் பிழைக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் போய்விட்டார். நான் வைத்த கஞ்சி எதுவும் தங்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அம்மன் படத்துக்கு முன்னால் அவளைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பகல் வேளை. ஜைனம்பக்கா ஒரு பித்தளைத் தூக்கோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா இப்டி குந்திகினு கீறே? எந்திரி. கொயந்தைய மடில போடு."

நான் தூக்கைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கறி கிறி ஒண்ணும் போடல. புதுச் சட்டில தனியா காச்சினேன். நொய்யி, பாசிப்பருப்பு, ரெண்டு வெந்தயம். உப்புதான் பாக்கல, நோம்பு. நீ நாக்குல வெச்சுப் பாத்துக்கோ."

பாலாடையில் மெல்ல மெல்ல ஊற்றினோம். தங்கியது. அப்படி ஒன்பது நாள். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல், உதடெல்லாம் வெடித்துப்போய், தினமும் உச்சி வேளையில் அடுப்பு முன்னால் நின்று காய்ச்சிக் கொண்டுவந்தாள். தூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பத்தாம் நாள் என் மகள் எழுந்து உட்கார்ந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்குத்தான் தூக்கு எங்கள் வீட்டில் தங்கியது.

திருவேற்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி மாவிளக்குப் போட்டேன். அந்த மாவிலிருந்து ஒரு உருண்டை எடுத்துத் தூக்கில் வைக்கப் போனபோது வீட்டுக்காரர், "படைச்சத அவங்க வாய்ல வெக்க மாட்டாங்க. குடுத்து சங்கடப்படுத்தாத" என்றார். நியாயம்தான் என்று பட்டது. ஆனால் எங்கள் வீட்டில் சாமிக்குக் காட்டாதது எது? அரிசி மூட்டை வந்தால்கூட முதல் பிடி படத்துக்கு முன்னால் போகும். யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றாமல், தூக்கையாவது பளபளவென்று கொடுப்போம் என்று, உள்ளும் புறமும் புளி போட்டுக் கை நோகத் தேய்த்தேன். வாசலில் போன பாயிடம் கொடுத்துவிட்டேன். வெறும் தூக்கு. மரியாதை செய்ததாகத்தான் நினைத்தேன், புத்திசாலி!

அதற்கப்புறம் ஜைனம்பக்காவைக் கிணற்றடியில் காணோம். நான் உள்ளே போன பிறகுதான் தண்ணீர் சேந்துகிற சத்தம் கேட்கும். ஒரு வாரம் பொறுத்து, வேலி ஓரமாகக் காத்திருந்து பிடித்தேன்.

"இன்னாக்கா, பேசவே மாட்றே?"

"பேசறதுக்கு இன்னா கீது? ஏனத்த உள்ளாறயும் புளி போட்டு வெளக்கினியே, பூசின ஈயமே பூட்ச்சு. நாங்க தொட்டது போவணும்னா அவ்ளோ தேய்க்கணும்தான்." கயிற்றை விடாமல் இழுத்தாள். "இனிமே குடுக்காதன்னு வெறும் ஏனத்தாலயே சொல்லி அனுப்பிட்டாங்கடின்னாரு அவுரு. சரிதானேம்மா?"

வீட்டுக்குள் வந்து அம்மன் முன்னால் விழுந்து அழுதேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நைவேத்தியம் செய்யும்போது மட்டும்தான் நாங்கள் உப்புப் பார்க்க மாட்டோம். நாக்கில் படாமல் சமைப்பது சாமிக்கு. ஜைனம்பக்கா ஒன்பது நாள் என் குழந்தைக்கு அப்படித்தான் சமைத்தாள். அதை நான் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு, அந்த வீட்டில் முதல் முறையாக, சாமிக்குக் காட்டாத அரிசியை வாங்கிவரச் சொல்லி வெண்பொங்கல் வைத்தேன். நானும் ருசி பார்க்கவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு என் வெண்கலக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனேன். வாங்குவாளா மாட்டாளா என்று வாசலிலேயே நின்று சொன்னேன்.

"படைக்கலக்கா. ஒனக்குன்னே வெச்சேன். படைச்சத குடுக்கக்கூடாதேன்னுதான் அன்னிக்கு ஒண்ணும் வெக்கல. வேற ஒண்ணும் என் மனசுல இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஆன பிறகு பொங்கலை ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு வாயும் வைத்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வேலிக்கு மேலே என் கிண்ணம் நீண்டது. நிறையக் கல்லுப்பு.

"நீ நேத்து போட மறந்தது, இந்தா. சாமிக்கும் இப்டித்தான் ஆக்கிப் போடறியா? பாவம்மா அது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

அடுத்த வருஷம் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாயிற்று. ஜட்காக்காரர்கள் கலைந்து போனார்கள். பாயும் ஜைனம்பக்காவும் ஆற்காட்டுப் பக்கம் சொந்த ஊருக்கு வண்டி ஏறினார்கள். அதற்குப் பிறகு தகவலே இல்லை. வேலி இல்லை, கிணற்றைத் தூர்த்து மேலே கடை கட்டியிருக்கிறார்கள். அந்த மகளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். விளக்கேற்றும்போது அம்மன் பேரோடு ஜைனம்பக்கா பேரையும் தினம் சொல்கிறேன். இதை அவளிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுத்தவள் நான்தான். உப்புப் போட மறந்தவளும் நான்தான்.