சன்னலோரம் வைத்த மடிக்கணினி

ஆடிக் காற்று அடிக்கும்போது ஆரல்வாய்மொழியில் மின்விசிறி போடுகிறவளை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். அந்தத் திமிரில்தான் நான் என் மடிக்கணினியைச் சன்னல் படியில் காற்றுக்கு முதுகு காட்டி வைத்தேன். அது சூடாகிக் கத்த ஆரம்பித்த காலம் அது. கணவாய்க் காற்று சும்மா கிடைக்கும்போது அதற்குள் புது ஃபேன் மாட்டுவது எதற்கு என்று நினைத்தேன்.

ஒரே மாதத்தில் அது மாவுமில் போல இரைந்தது. நாற்பது நிமிடத்தில் தானாக அணைந்தது. பழியை என் வீட்டுக்காரர் மேல் போட்டேன். அவர் காற்றாலையில் ஃபிட்டர். "ஒங்க உடுப்புல உள்ள மண்ணுப்பொடி எல்லாம் இதுக்குள்ளதான் போவுது" என்று காலையும் மாலையும் திட்டினேன். அவர் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

என் வேலைத் தேர்வுக்கு முந்தைய நாள் வடசேரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றியதும் சிரித்தார்.

"எக்கா, இத எங்க வச்சு வேல பாக்கிய? உள்ள ஒரே மண்ணு. ஃபேனும் தேஞ்சாச்சு. புதுசு வர நாலு நாளாவும்."

வீட்டிலிருந்தே வகுப்பெடுக்கும் ஆசிரியை வேலைக்கான இணையத் தேர்வு, ஒன்றரை மணிநேரம். பிள்ளை பிறந்தபின் எட்டு வருடமாக நான் காத்திருந்த வேலை. பதிவு செய்த கணினியில்தான் எழுத வேண்டும். கேமரா அணைந்தாலோ, அறையில் வேறு ஆள் தெரிந்தாலோ அவ்வளவுதான், மறுபடி எழுத விடமாட்டார்கள்.

"தொடச்சுத் தாறேன். ஒரு மணிநேரம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்றார்.

எங்கே வைத்திருந்தேன் என்ற கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரும் திறக்கவில்லை.

மறுநாள் காலை மண்ணுக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர் வெளியே நின்றார். மின்விசிறி இல்லாத அறை இருபது நிமிடத்தில் வெந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கணினி சுட்டது. இரைச்சல் ஏறியது. ஒரு கேள்வியில் திரை அப்படியே நின்று, பிறகு நகர்ந்தது. கேமராவை விட்டு எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்க முடியாது. அழுகைதான் வந்தது.

அப்போது இடதுபக்கச் சன்னல் கதவு ஒரு சாண் திறந்தது. கம்பியில் அவர் தலை துவட்டும் துவர்த்து ஈரமாக விரிந்தது. அதன் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. 'பாவி மனுசா, கேமராவில் விழுந்து தொலைக்காதே' என்று மனதுக்குள் கத்தினேன். அவர் விழவில்லை. கொக்கி உடைந்த அந்தக் கதவு காற்றில் ஒரு தடவைகூட அடிக்கவும் இல்லை. எனக்கு அதை யோசிக்க நேரமில்லை.

கடைசிக் கேள்வியை முடித்து அனுப்பினேன். பதில்கள் சேர்ந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் திரை கறுத்தது. அதன்பிறகு அந்தக் கணினி உயிர்க்கவே இல்லை.

வெளியே ஓடினேன். அவர் சன்னலுக்குக் கீழே குந்தியிருந்தார், முகமெல்லாம் மண். ஒரு கை மேலே உயர்ந்து கதவின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் துவர்த்தை நனைக்க ஒரு வாளி.

"முடிஞ்சுதாட்டி?"

"முடிஞ்சுது. இஞ்ச பாருங்க, அது கெட்டது ஒங்க பொடியால இல்ல. நாந்தான் சன்னல்ல வச்சேன்."

"தெரியும். சன்னல் படியில அந்தப் பொடிக்குள்ள லேப்டாப்புக்க நாலு கால் தடமும் கெடந்துதே. ஒரு மாசமா பாக்கேன்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ கோவத்துல பரீட்சையே வேண்டாம்னு போயிருப்ப."

போயிருப்பேன். என்னை எனக்கே தெரியும். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்த பிறகும் அவருடைய கை விரல்கள் கதவைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் நிமிர்த்திவிட்டேன்.