சுவரில் தொங்கிய கெட்டில்

தன் வீட்டுக் கெட்டிலின் அடிப்பாகம் அரசு அலுவலகச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குவதைப் பார்த்ததும் பெரிஸாத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்து முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. 'நம் கடலின் அழகு: வறண்ட தரையில் உப்பு வரைந்த ஓவியம்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னும் ஐந்து படங்கள். ஆறும் அவள் எடுத்தவை, அவள் சமையலறை மேசையில் எடுத்தவை. கடல் வற்றிய இடத்துக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு நாள் பயணம். அந்தப் பக்கம் அவள் போய்ப் பத்து வருடமாகிறது.

கடைசிப் படத்துக்கு 'கடல் தந்த பவளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் கணவன் ஜோல்முர்ஸாவின் சிறுநீரகத்திலிருந்து வந்த கல்.

நாற்பத்தாறு வயது பெரிஸாத்தை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சந்தைக்கு எதிரே பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை அவளுடையது. இருபது வருடமாக ஊரையே ஒரே வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, "காது தெரியணும், நிமிருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே சிரிப்பு அபூர்வமாகிவிட்டது. கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். அது தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மணலில் துருப்பிடித்துக் கிடக்கும் படகுகளைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ வருகிற ஆட்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். பேட்டரி தீர்ந்தால் அவள் கடையில் வந்து நிற்பார்கள். எவ்வளவு சோகமான இடம் என்று கண் கலங்குவார்கள். நீங்கள் குடிக்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சோகத்தைப் பார்க்க வந்தவர்கள் தாகத்தைப் பற்றி எதற்குக் கேட்கப் போகிறார்கள்.

போன குளிர்காலத்தில் கடைக்கு ஆள் வரத்தே இல்லை. அப்போதுதான் இந்தப் பித்துப் பிடித்தது. சோவியத் காலத்து லென்ஸ் ஒன்று கடையில் சும்மா கிடந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி, நடுவில் ஒரு அட்டைக் குழாயைச் செருகி, கறுப்பு டேப் சுற்றிக் காமிராவோடு ஒட்டினாள். முதல் படத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்ததில் ஒரே இருட்டு. பதினேழாவதில் ஊசியின் காது வந்தது. அதன் ஓரத்தில் இருந்த பிசிறு கதவுத் தாழ்ப்பாள் அளவுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பொருள் தப்பவில்லை. சீப்பின் பல், தீக்குச்சித் தலை, சர்க்கரைக் கட்டி, கம்பளத்தின் ஒற்றை முடிச்சு என்று எல்லாவற்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க மாவு சலிக்கிற துணியைக் கட்டினாள். படத்தில் கூர்மையாக விழுகிற இடம் ஒரு தலைமுடி அகலம்தான், மூச்சு விட்டால் போயிற்று. லென்ஸைத் திருகிப் பயனில்லை. பொருளை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து, புத்தகத்தைச் சுண்டு விரலால் தள்ளித் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடினால் மேசை அதிர்கிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். ஒருமுறை திரும்ப மாட்ட மறந்து இரண்டு கிலோ ஆட்டுக்கறி கெட்டுப் போனது.

"ஊசிக்குப் படம் எடுத்த, சீப்புக்கு எடுத்த," என்றான் ஜோல்முர்ஸா. நுகுஸ் நகரம் வரை வேன் ஓட்டுகிறவன், சாதுவான மனிதன். "எனக்கு நீ எடுத்த கடைசிப் படம் நம்ம கல்யாணத்தன்னிக்கு."

"உங்க மூஞ்சி வெறும் கண்ணுக்கே தெரியுதே. அதுக்கு எதுக்கு லென்ஸு?"

பிப்ரவரியில் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தாள். கெட்டிலின் அடியிலிருந்து பெயர்ந்த உப்புப் பொருக்கு. சும்மா எறிந்துவிடாமல் அதையும் ஜன்னலோரம் கொண்டுபோனாள். திரையில் வந்ததைக் குனிந்து பார்த்தாள். ஏடு ஏடாக, வெடிப்பு வெடிப்பாக, பொட்டல் காடு மாதிரி இருந்தது. அக்டோபரில் வாங்கிய கெட்டில் அது. நான்கு மாதத்தில் இரும்புக்கு இந்தக் கதி என்றால் முப்பது வருடமாக இதையே குடிக்கிற உடம்புக்கு என்ன கதி என்று நினைத்தாள்.

பதில் மார்ச்சில் வந்தது. ஜோல்முர்ஸா நுகுஸ் சாலையில் வேனை ஓரம் கட்டிவிட்டு, பயணிகள் பார்க்கப் பார்க்க, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தான். மூன்றாம் நாள் கல் வெளியே வந்தது. பாதி மிளகு அளவு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். "எந்தத் தண்ணி டாக்டர்?" என்று பெரிஸாத் தணிந்த குரலில் கேட்டாள். அவர் பேனாவை மூடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கல்லையும் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"என் உடம்புல இருந்து வந்ததையும் விட மாட்டியா நீ?"

"வந்து பாருங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன். எது கெட்டில், எது நீங்கன்னு சொல்லுங்க."

அவன் பார்த்தான். சொல்லத் தெரியவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடாத," என்றான். "ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும். சாகிற வரைக்கும் கல்லு வண்டிக்காரன்னுதான் கூப்பிடுவானுங்க." பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அந்த வருடம் ஊரில் புதுக் குழாய் போடப் போகிறார்கள், ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து தரப் போகிறார்கள் என்று பேச்சு. எல்லாத் தெருவுக்கும் இல்லை, பட்டியலில் இருக்கிற தெருக்களுக்கு மட்டும். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று ஆய்வில் எழுதினால்தான் பட்டியலில் ஏறும். பெரிஸாத் மனு எழுதினாள். ஆறு படங்களைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் தெளிவாக எழுதினாள்: 'கெட்டில், நான்கு மாதம்.' 'குழாய் வாய்.' 'தெருவாசி ஒருவரின் சிறுநீரகக் கல்.' எல்லாவற்றையும் தண்ணீர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் குவாத்பாய் என்ற அதிகாரி தெருவை ஆய்வு செய்ய வந்தார். பெரிய வயிறு, இனிய பேச்சு. பெரிஸாத் விரிப்பு விரித்து, ரொட்டி பிட்டு வைத்து, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகளைக் குவித்து, தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தில் கால் பங்குதான் ஊற்றினாள், தீரத் தீர மறுபடி ஊற்றினாள். இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்று விருந்தாளிக்குச் சொல்கிற முறை அது. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். பகையாளிக்குக்கூட எங்கள் பக்கத்தில் அப்படி ஊற்ற மாட்டார்கள். குவாத்பாய் ஏழு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார்.

ஜூனில் கடிதம் வந்தது. அந்தத் தெரு பட்டியலில் இல்லை. கூடவே ஆய்வுப் படிவத்தின் நகல். அதில் சுவை என்ற கட்டத்தில், 'தெருவாசி வீட்டில் அருந்திப் பார்க்கப்பட்டது. நன்று' என்று குவாத்பாய் கைப்பட எழுதியிருந்தார்.

பெரிஸாத் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்த வெள்ளைக் கேனைப் பார்த்தாள். வாரம் ஒருமுறை வண்டியில் வருகிற நல்ல தண்ணீர். எல்லா வீட்டிலும் ஒரு கேன் இருக்கும். வீட்டு ஆட்கள் குழாய்த் தண்ணீரில் தேநீர் போட்டு, உப்பு தெரியாமல் இருக்கப் பாலை ஊற்றிக் குடிப்பார்கள். கேன் தண்ணீர் விருந்தாளிக்கு. குவாத்பாய் வந்த அன்றும் அவள் யோசிக்காமல் கேனிலிருந்துதான் கெட்டிலை நிரப்பியிருந்தாள். இத்தனை வருடமாக வந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் தெரு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறது. கழுத்தை அறுக்க வந்தவனுக்குக் கத்தியையும் தீட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

நேரே பக்கத்து வீட்டு பீபிகானிடம் போனாள். "அக்கா, இனிமே ஆபீஸ்காரன் எவன் வந்தாலும் குழாய்த் தண்ணிதான் குடுக்கணும். தெருவுல எல்லாரும்."

பீபிகான் மாவுக் கையோடு அப்படியே நின்றாள். "வீட்டுக்கு வந்தவனுக்கு உப்புத் தண்ணியா? என்னடி பேசுற நீ? நாளைக்கு என் பொண்ணைக் கேட்டு எவன் வருவான்?"

"உன் பொண்ணு என்ன தண்ணியக் குடிக்கிறா அக்கா?"

"நாங்க என்னத்தையோ குடிக்கிறோம். அதுவும் விருந்தாளியும் ஒண்ணா?"

இந்தப் பேச்சுக்குப் பிறகு, மறு ஆய்வு கேட்பதற்காக அலுவலகத்துக்குப் போன அன்றுதான் அவள் தன் கெட்டிலைச் சுவரில் பார்த்தாள்.

குவாத்பாய் அறையிலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "வாம்மா தங்கச்சி, உன்னத்தான் தேடிட்டிருந்தேன். என்ன கண்ணு உனக்கு. மேலிடத்துல இருந்து வந்தவங்க அசந்து போயிட்டாங்க. கடலுக்குள்ள எந்த இடம் இது?"

"என் அடுப்புக்கு மேல அண்ணே. பின்னாடி எழுதியிருந்தேன்."

"பின்னாடி யாரு பாக்கிறா? பெரிசு பண்ணும்போது முன்னாடிதான வரும்?" அவர் சிரித்தார். "அடுப்போ கடலோ, அழகு அழகுதான். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கே வந்து சான்றிதழ் குடுக்கிறோம், பட்டு ஸ்கார்ஃபோட. அந்தப் பவளத்தை மட்டும் தனியா இன்னொண்ணு போட்டு என் நாற்காலிக்குப் பின்னாடி மாட்டியிருக்கேன்."

பெரிஸாத் குரலை இறக்கினாள். "மறு ஆய்வு படிவம் ஒண்ணு குடுங்க." அவர் எதைக் கேட்டாலும் கொடுக்கிற சந்தோஷத்தில் இருந்தார், கொடுத்துவிட்டார். பட்டியல் சனிக்கிழமை மூடப்படும் என்று அதன் அடியில் அச்சிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கெட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதை ஜோல்முர்ஸா பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. அவன் கேனைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தான்.

"வேண்டாம் பெரிஸாத். சண்டை போடணும்னா ஆபீஸ்ல போய்ப் போடு. நம்ம விரிப்புல உக்காந்தவனுக்கு இப்படிச் செய்யக் கூடாது. எங்கப்பன் கடைசிச் சொட்டு நல்ல தண்ணிய விருந்தாளிக்குக் குடுத்த மனுஷன்."

"உங்கப்பாவுக்கு எத்தனை கல்லு வந்துச்சு?"

அவருக்கு இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஜோல்முர்ஸா கேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான். எங்கே வைத்தான் என்று அவள் பார்க்கவில்லை.

குவாத்பாய் பதினோரு மணிக்கு வந்தார், பட்டு ஸ்கார்ஃபோடும் கண்ணாடி போட்ட சான்றிதழோடும். வேடிக்கை பார்க்க வந்த பீபிகான் வாசலிலேயே நின்றுகொண்டாள். அவர் ஸ்கார்ஃபைப் பெரிஸாத்தின் தோளில் போட்டு நாலு வார்த்தை பேசினார். கடலை நாம் இழந்தாலும் அதன் அழகை இழக்கவில்லை என்றார். அவர் உட்கார்ந்ததும் பெரிஸாத் தேநீரை ஊற்றினாள். கால் பங்கைத் தாண்டி ஊற்றினாள், பாதியைத் தாண்டி ஊற்றினாள், விளிம்பில் தளும்பிய பிறகுதான் நிறுத்தினாள். வாசலில் பீபிகான் "ஐயோ" என்று முணுமுணுத்தாள்.

குவாத்பாயின் காது சிவந்தது. ஆனால் விரிப்பில் உட்கார்ந்துவிட்டார், ஊற்றியதைத் தொடாமல் எழுந்து போகவும் முறையில்லை. குனிந்து ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. விழுங்குவதற்கு நேரமானது.

"கொஞ்சம் பால் இருந்தா," என்றார்.

பால் கிண்ணம் ஜோல்முர்ஸாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பெரிஸாத் அவனைப் பார்க்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் கிண்ணத்தை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தான்.

"அண்ணே, உங்க நாற்காலிக்குப் பின்னாடி ஒரு படம் மாட்டியிருக்கீங்களாமே," என்றான். வாசலில் பீபிகான் நிற்பது அவனுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் சேதி வேன் ஸ்டாண்டு வரை போய்விடும் என்பதும் தெரியும். "அது பவளம் இல்லண்ணே. என் சிறுநீரகத்துல இருந்து வந்த கல்லு. நீங்க இப்பக் குடிச்ச தண்ணிதான் அது."

குவாத்பாய் கிண்ணத்துக்குள் பார்த்தார். ஒரு வெள்ளைப் பொருக்கு அடியில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பீபிகான் வாசலிலிருந்து உள்ளே வந்து பெரிஸாத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரிஸாத் சான்றிதழைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் படிவத்தை வைத்து, பேனாவோடு அவர் முன்னால் தள்ளினாள். புத்தகத்தைத் தள்ளுகிற அதே சுண்டு விரல்தான்.

"சுவைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு."

"தங்கச்சி, இதையெல்லாம் ஆபீஸ்ல வெச்சு..."

"போன தடவை இங்க குடிச்சதைத்தானே எழுதினீங்க. கிண்ணத்துல இன்னும் நிறைய இருக்கு. குடிச்சிட்டுக்கூட எழுதலாம்."

அவர் ஜோல்முர்ஸாவைப் பார்த்தார், பீபிகானைப் பார்த்தார், கிண்ணத்தைத் தொடவில்லை. பேனாவை எடுத்து, 'உப்பு. குடிக்கத் தக்கதல்ல' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு எழுந்தார்.

பெரிஸாத் படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"உக்காருங்க அண்ணே," என்றாள். "தேதி போடல."